தட்டை வைப்பது நான், சாப்பிடுவது அவன்: ஒரு வருடத்துக்கு மேல் பாவித்த அனுபவம்

முதலே சொல்லிவிடுகிறேன், பிள்ளைக்குத் தீத்தாமல் தானாகச் சாப்பிட விடுகிற இந்த முறை எங்கள் வீட்டில் பலன் தந்திருக்கிறது. மகனுக்கு மூன்று வயதாகப் போகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கத்து ஃபிளாட்களில் பிள்ளைக்குச் சோறு தீத்துவதென்றால் பல்கனியில் தூக்கிவைத்துக்கொண்டு றெயின் காட்டுவது வழக்கம், றெயின் வராத நேரம் போன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. இப்போது அவன் எங்களோடு மேசையில் இருந்து தன் கையால் சாப்பிடுகிறான், அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

முறை மிக எளிது. எலின் சட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் 1980களிலேயே சொன்னது: என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும், சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். அவ்வளவுதான். கெஞ்சல் இல்லை, “இன்னும் ஒரு வாய்” இல்லை, சாப்பிட்டால் சொக்லேட் என்ற பேரமும் இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தைரியம் தந்தது ஒரு தகவல். முதல் வருடத்தில் பிறந்த நிறையைப் போல 3 மடங்காகிற பிள்ளை, அடுத்த வருடம் முழுவதும் கூடுவது 2 கிலோவோ கொஞ்சம் மேலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது, நாங்கள்தான் பிள்ளை சாப்பிடுவதில்லை என்று பதறுகிறோம்.

எங்கள் வீட்டில் மிகப் பெரிய மாற்றம் தட்டில் இல்லை, பாலில். சோறு சாப்பிடவில்லை என்றால் பாவம் என்று ஒரு போத்தல் பால்மா கரைத்துக் கொடுப்பது கொழும்பில் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. வயிறு பாலால் நிறைந்த பிள்ளைக்கு அடுத்த நேரமும் பசிக்காது, அதற்கும் பால், இப்படியே சுற்றும். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு ஏறக்குறைய 500 மில்லிலீற்றருக்கு மேல் பால் வேண்டியதில்லை, மிஞ்சினால் இரும்புச்சத்துக் குறைவும் வரலாம். போத்தலை நிறுத்தி, கோப்பையில், காலைச் சாப்பாட்டோடும் பின்னேரமும் மட்டும் என்று வைத்தோம். அந்தக் கிழமையே மத்தியானச் சோற்றுக்குப் பசியோடு வரத் தொடங்கினான்.

தனிச் சமையல் கிடையாது. கறிக்குத் தூள் போடுவதற்கு முதல் அவனுடைய பங்கை எடுத்துவிடுவேன். பருப்பு, பூசணிக்காய், முள் எடுத்து உதிர்த்த பாரை மீன், எல்லாவற்றையும் குழைக்காமல் தட்டில் தனித்தனியாக வைக்கிறேன், ஏனென்றால் எது எது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவன் கை வைக்கிறான். அளவும் சின்னது, ஒவ்வொன்றிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம். போதாவிட்டால் கேட்பான். ஒவ்வொரு நேரமும் அவன் கட்டாயம் சாப்பிடுகிற ஒன்று இருக்கும், இரவில் அது பெரும்பாலும் இடியப்பமும் சொதியும். பத்து மணிக்கு வாழைப்பழம் அல்லது தேங்காய்ப்பூவோடு பிசைந்த சமபோஷ (தானியச் சத்துமா) உருண்டை. இடையில் பிஸ்கட் இல்லை, தண்ணீர் மட்டும்.

பூசணிக்காயின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் தட்டைத் தள்ளினான். பிறகு விரலால் அமத்திப் பார்த்தான், மணந்து பார்த்தான், ஒருநாள் வாயில் வைத்துவிட்டு அப்படியே வெளியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள 10, 15 தடவைகூட ஆகலாம், இந்தத் தொடுவதும் துப்புவதும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். இப்போது பூசணிக்காயைக் கேட்டு வாங்குகிறான். கீரை வறையில் இன்னும் அமத்திப் பார்க்கிற கட்டத்தில் நிற்கிறான்.

கஷ்டம் பெரியவர்களிடம்தான் இருந்தது. “பிள்ளை ஒண்டும் சாப்பிடேல்லை, கொஞ்சம் பாலாவது குடுப்பம்” என்று அம்மா கலங்குவார். “பொறுங்கோ அம்மா, நாலு மணிக்குத் தருவம்” என்று சொல்ல எனக்கும் நெஞ்சு அடிக்கும். வளர்த்த கை அது, அந்தப் பதற்றம் அன்பில்தான் வருகிறது. கிளினிக்கில் மிட்வைஃப் நிறை வரைபடத்தைக் காட்டி, கோடு ஒழுங்காக ஏறுகிறது என்று விளக்கிய பிறகுதான் அம்மா ஆறுதலானார். அப்புறம் அவரே அவனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட ஆரம்பித்தார், அவர் தட்டைப் பார்த்துத்தான் அவன் ரசம் குடிக்கப் பழகினான்.

குறைகளும் உண்டு. நிலம் முழுக்கச் சோறு. விலைவாசி இருக்கிற இருப்பில் மீன் வீணாகப் போனால் மனம் நோகும், அதனால்தான் அளவைச் சின்னதாக வைக்கச் சொல்கிறேன். காய்ச்சல் வந்தால் ஒழுங்கு எல்லாம் குழம்பும், திரும்ப வழிக்கு வரச் சில நாள் எடுக்கும். கல்யாண வீடுகளில் யாராவது இனிப்பை நீட்டத்தான் செய்வார்கள், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். தானாகச் சாப்பிடும் பிள்ளையை ஒருபோதும் தனியே விடாதீர்கள். கச்சான் போன்ற கொட்டைகளை முழுதாகக் கொடுக்கக் கூடாது, திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள்.

நிறை குறைந்துகொண்டு போகிற, விழுங்கக் கஷ்டப்படுகிற, அல்லது விரல்விட்டு எண்ணக்கூடிய சில சாப்பாடுகளைத் தவிர எதையும் தொடாத பிள்ளையை முதலில் டொக்டரிடம் காட்ட வேண்டும், இந்த முறையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மற்றப்படி தொடங்குவதானால் காய்ச்சல், பல் முளைப்பு, வீடு மாறுதல் எதுவும் இல்லாத ஒரு கிழமையாகப் பாருங்கள். முதல் சில நாள் பிள்ளை குறைவாகத்தான் சாப்பிடும், அதை வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.