பிராசஸர் மாற்றியதாகச் சொல்லி 7,300 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

அக்கா மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. வீடு காவேரிப்பட்டினம். காலேஜ் லேபில் உபுண்டுவில்தான் (விண்டோஸ் போல இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) வேலை. வீட்டு லேப்டாப்பில் விண்டோஸை அழிக்காமல், விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓட்டும் சாஃப்ட்வேர்) உபுண்டு போட்டுப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். போட்டுப் பார்த்தான்; ‘விடி-எக்ஸ்’ என்று ஏதோ எரர் காட்டி நின்றுவிட்டது. அப்படி உள்ளுக்குள் இன்னொன்றை ஓட்ட இன்டெல் பிராசஸரில் இருக்கும் வசதியின் பெயர் அது. கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

“இந்தப் பிராசஸர்ல அந்த வசதியே கிடையாதுங்க, வேற மாத்தணும்” என்றார் கடைக்காரர். அதற்கு 6,500, சாஃப்ட்வேருக்கு 800. மாங்காய் விற்று வைத்திருந்த பணத்தை அக்கா எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாளில் உபுண்டு ஓடியது. பில் கேட்கத் தோன்றவில்லை.

அன்று ராத்திரியே பையன் கூப்பிட்டான்: “மாமா, பழைய பிராசஸரேதான் இருக்கு.” ஐ5-8250யு. முன்பு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டிலும் அதே பெயர். அந்தச் சிப் போர்டிலேயே பற்றவைத்து வருவது, கழற்றி மாட்டுகிற வகை இல்லை. 2017இல் வந்த சிப் அது. இன்டெல் இந்த வசதியைக் கொண்டுவந்ததோ 2005இல். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) ஆஃப் ஆகியிருந்ததை ஆன் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சாஃப்ட்வேர் என்று 800 வாங்கினார்களே, விர்ச்சுவல்பாக்ஸும் உபுண்டுவும் இரண்டுமே இலவசம்.

கடைக்குப் போவதற்கு முன் இதைப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு. ‘விர்ச்சுவலைசேஷன்: டிஸேபிள்ட்’ என்று இருந்தால் வசதி இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது எஃப்10 (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) தட்டி பயாஸுக்குள் போய், இன்டெல் என்றால் ‘விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’, ஏஎம்டி என்றால் ‘எஸ்விஎம்’ என்பதை எனேபிள் செய்து சேவ் செய்யுங்கள். ரேம் 8 ஜிபி இருந்தால் உபுண்டுவுக்கு 4 ஜிபிக்கு மேல் ஒதுக்காதீர்கள், விண்டோஸ் திணறும்.

மறுநாள் கடைக்குப் போய், கழற்றிய பழைய பிராசஸரைக் கேட்டேன். “அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சுங்க” என்றார். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியதும் பேச்சில்லை. 3,000 ரூபாயை எடுத்து நீட்டினார். மீதியைக் கேட்டு 1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இருக்கிறதா என்பதுதான் அவர்களும் முதலில் கேட்டது.