பி.யு.வா, தெர்மாகோலா? கையால் சர்ஃப் பலகை செய்வோருக்கு ஓர் ஒப்பீடு

ஒருவரின் எடையையும் அவர் இறங்கும் அலையையும் கேட்டு, அவருக்கென்றே ஒரு பலகை செய்து கொடுக்கும்போது முதலில் முடிவாக வேண்டியது பலகையின் உட்பகுதியான ஃபோம். பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் ஒரு பக்கம். நம்மூரில் தெர்மாகோல் என்றே வழங்கும் இ.பி.எஸ். இன்னொரு பக்கம். ஃபோமைத் தேர்ந்தாலே, அதன் மேல் கண்ணாடியிழைத் துணியோடு பூசி இறுகவிடும் ரெசினும் ஏறக்குறைய முடிவாகிவிடும். பி.யு. மேல் பாலியெஸ்டரும் போடலாம், எப்பாக்ஸியும் போடலாம். தெர்மாகோலுக்கு எப்பாக்ஸி மட்டும்தான். பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழி விழுந்துவிடும்.

அமெரிக்காவில் நெடுங்காலம் இந்தக் கேள்வியே பெரிதாக எழவில்லை. கலிபோர்னியாவின் லகுனா நிகெலில் இருந்த கிளார்க் ஃபோம்தான் அங்குள்ள பட்டறைகளில் பெரும்பாலானவற்றுக்கு பி.யு. பிளாங்க் (செதுக்குவதற்கு முந்தைய ஃபோம் கட்டி) கொடுத்துவந்தது. 2005 டிசம்பர் 5 அன்று அது திடீரென மூடப்பட்டதும், பிளாங்க் கிடைக்காமல் தவித்தவர்களில் பலர் தெர்மாகோலுக்கும் எப்பாக்ஸிக்கும் மாறினார்கள்.

பி.யு. பிளாங்க் அச்சில் வார்த்து வருவது. அதன் மேல்தோல் இறுக்கமாக இருக்கும். உள்ளே போகப் போக இளகும். ஆகவே தடிமனைக் குறைக்கும்போது பெரும்பகுதியை அடிப்பக்கத்தில் எடுக்க வேண்டும். கால் நிற்கும் டெக்கில் தோலை நீக்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டெக்கை ஆழமாக இழைத்துவிட்டால் குதிகால் அழுந்தும் இடமெல்லாம் சீக்கிரமே பள்ளம் விழும். பிளாங்கில் வந்த ராக்கரை (மூக்கிலிருந்து வால்வரை உள்ள வளைவை) ஓரளவுதான் மாற்ற முடியும் என்பது இதன் குறை. தெர்மாகோலைப் பெரிய கட்டியிலிருந்து சூடான கம்பியால் அறுத்தெடுக்கிறோம். எங்கே அறுத்தாலும் அடர்த்தி ஒன்றே, ராக்கரும் நம் விருப்பம். வழக்கத்துக்கு மாறான வளைவு கேட்பவருக்கு இதுதான் வசதி.

செதுக்கும் கைக்கு இணங்கிப் போவது என்னவோ பி.யு.தான். பிளேனர், சர்ஃபார்ம் (துருவல் போன்ற பல்லுள்ள அரம்), 80 உப்புத்தாள், கடைசியில் வலைத்தாள் என்று போனால் ரெயில் (பலகையின் பக்கவாட்டு விளிம்பு) வழுவழுப்பாக வந்துவிடும். தெர்மாகோலில் பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் மணி மணியாகப் பிய்த்துக்கொண்டு வரும். சர்ஃபார்மைத் தவிர்த்து, தட்டையான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளாலேயே பெரும்பாலும் வேலையை முடிக்க வேண்டும். ஸ்ட்ரிங்கர் (ஃபோமின் நடுவே நீளவாக்கில் பதித்த மரச்சட்டம்) ஓடும் இடத்தில்தான் உண்மையான தொல்லை: மரம் மெதுவாகத் தேயும், ஃபோம் வேகமாகத் தேயும். தாளை மட்டும் நம்பினால் நடுவே மரம் வரம்புபோல் நிற்க, இருபுறமும் வாய்க்கால் விழும். முதலில் சின்ன இழைப்புளியால் மரத்தை ஃபோம் மட்டத்துக்கும் ஒரு மயிரிழை கீழே இறக்கிவிட்டுத்தான் தாளைத் தொட வேண்டும். பி.யு.வுக்கும் இதே முறைதான். தெர்மாகோல் இன்னும் மென்மை என்பதால் அதில் தவறினால் சேதம் அதிகம்.

எடை விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பி.யு. கன மீட்டருக்குச் சுமார் 40 கிலோ, பலகைக்கு ஏற்ற தெர்மாகோல் சுமார் 28 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 லிட்டர் கன அளவுள்ள ஷார்ட்போர்டில் (குட்டையான பலகையில்) வித்தியாசம் ஏறக்குறைய 340 கிராம். அதிலும் ஒரு பங்கு திரும்பப் போய்விடும். தெர்மாகோல் மணிகளுக்கு இடையே உள்ள சந்துகளை மெல்லிய பூச்சால் அடைக்காவிட்டால் அவை ரெசினைக் குடிக்கும். அடைத்தாலும் அந்தப் பூச்சுக்கு எடை உண்டு. இலேசுக்காக மட்டும் தெர்மாகோல் கேட்பவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ரெசினுக்கு வருவோம். பாலியெஸ்டரில் அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம் வரை. 500 கிராம் ரெசினுக்கு 5 முதல் 10 கிராம். நம் கடற்கரை வெயிலில் 1 சதவீதத்திலேயே சீக்கிரம் இறுகத் தொடங்கிவிடும். இதற்கு நல்ல மாற்று, புற ஊதா ஒளியில் இறுகும் பாலியெஸ்டர். நிழலில் நிதானமாகத் துணியை நனைத்து, ஓரங்களை மடித்து, ஸ்க்வீஜி என்ற வழிப்புத் தகட்டால் வழித்துவிட்டு, பிறகு வெயிலுக்குக் கொண்டுபோகலாம். அடர்த்தியான நிறம் கலந்தால் மட்டும் ஒளி உள்ளே போகாமல் அடியில் பச்சையாகவே நின்றுவிடும். இங்கே ஃபைபர் படகுக்கு விற்கும் ரெசின் மலிவு. ஆனால் அது தெளிவாக இருக்காது, வெயிலில் மஞ்சளிக்கும். அதோடு வரும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றக்கூடாது, வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி கட்டாயம்.

எப்பாக்ஸியில் வேகத்தைக் கூட்ட, அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவது வீண். 2:1 என்றால் 2:1தான். மீறினால் ரப்பராகவே நின்றுவிடும். டப்பாவில் இருப்பது கன அளவு விகிதமா, எடை விகிதமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. வாடை குறைவு என்பதால் பலர் வெறுங்கையால் தொடுகிறார்கள். தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் நிரந்தரம். நைட்ரைல் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். பாலியெஸ்டருக்கோ ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி வேண்டும். துணி முகமூடி போதாது.

தெர்மாகோலுக்கு நேரமும் முக்கியம். காலையில், வெப்பம் ஏறும்போது துணி போட்டால் ஃபோமுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். ரெசின் முழுக்க ஊசித்துளைகள். மாலையில், வெப்பம் இறங்கும்போது போட்டால் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். பூட்டிய காரில் வெயிலில் விட்டால் டெக் கொப்பளித்து எழும்புவதற்கும் இதே காற்றுதான் காரணம்.

தண்ணீரில் இறங்கினால், சிறிய, சோம்பலான அலைக்கு தெர்மாகோல்-எப்பாக்ஸிப் பலகை எளிதாக மிதந்து சீக்கிரம் வேகமெடுக்கும். காற்றடித்துக் கலங்கிய கடலில் அதே பலகை துள்ளும், காலடியில் அதிரும். பி.யு. அங்கே அமர்ந்து ஓடும். பெரிய அலையில் பி.யு.வைத்தான் நான் நம்புவேன். அடிபட்டுத் துளை விழுந்தால் தெர்மாகோல் மணிச்சந்து வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்; உடனே கரையேறிவிட வேண்டும்.

முதன்முதலாகச் செய்பவர் 4 அவுன்ஸ் (சதுர கெஜத்துக்கு) கண்ணாடியிழைத் துணியை டெக்கில் இரண்டு அடுக்கு, அடியில் ஒரு அடுக்கு என்று பி.யு.விலேயே தொடங்கலாம். பணம் கூடினாலும் பரவாயில்லை, எடை குறையாமல் உறுதி வேண்டும் என்பவருக்கு பி.யு. மேல் எப்பாக்ஸி. எதுவானாலும், ஸ்ட்ரிங்கர் ஓரமாகப் பென்சிலால் அளவு எழுதும்போது ஃபோம், ரெசின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள். பிற்பாடு பழுது பார்ப்பவர் பாலியெஸ்டரை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் திணற மாட்டார்.