ஆறு வருஷமாக என்னோடு வரும் 20 லிட்டர் கேன்

காரில் கூடுதல் பெட்ரோல் எடுத்துப் போக இரும்பு ஜெர்ரி கேன் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. அதிலிருந்த பெட்ரோலை அவசரத்துக்கு ஊற்றியது இதுவரை இரண்டே தடவைதான். அதற்காகவா இத்தனை வருஷம் சுமக்கிறாய் என்று வீட்டில் கேட்டால் கொஞ்சம் திணறுவேன். ஆனாலும் கேனைக் கைவிடவில்லை. சுமக்கும் விதம்தான் நிறைய மாறிவிட்டது.

அதற்கு முன்னால் ஒரு பயணத்துக்குப் பழைய பிளாஸ்டிக் கேன் ஒன்றை எடுத்துப் போனேன். எரிபொருளுக்கென்று செய்ததல்ல, வீட்டில் சும்மா கிடந்தது. வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் டிக்கிக்குள் பந்து மாதிரி உப்பிப்போய் இருந்தது. மூடியைத் தொட்டதுமே புஸ்ஸென்று ஆவி. சுமார் மைனஸ் 40 டிகிரி குளிரில்கூட பெட்ரோலிலிருந்து தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும். வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் போய்த் தங்கும். ஜன்னலை இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கால் வைக்கும் இடத்திலிருந்து வாடை மறுநாளும் போகவில்லை. மூடிய வண்டிக்குள் பெட்ரோல் வைப்பதை அன்றோடு விட்டேன்.

பிறகுதான் இரும்பு. 1930களில் ஜெர்மன் ராணுவத்துக்காக வடிவமைத்தது. ஜெர்மானியரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் 'ஜெர்ரி' என்று அழைத்ததால் இந்தப் பெயர். மேலே ஏன் மூன்று கைப்பிடி என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். நிரம்பிய கேனை இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கலாம், காலிக் கேன் இரண்டை ஒரே கையில் கோத்து எடுக்கலாம். 20 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 15 கிலோ, கேனையும் சேர்த்தால் 20 கிலோவை நெருங்கும். தூக்கிப் பார்த்தால் அந்தக் கைப்பிடிகளின் அருமை தெரியும்.

கழுத்துவரை நிரப்பவே கூடாது. பத்து டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் ஏறத்தாழ ஒரு சதவீதம் விரியும். காலைக் குளிரில் நிரப்பிய 20 லிட்டர், மதிய வெயிலில் 25 டிகிரி சூடு ஏறினால் அரை லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, குழாய் முனை கேன் வாயைத் தொட்டபடி இருக்கப் பிடிக்கிறேன். நிலை மின்சாரப் பொறி விளையாட்டல்ல.

எங்கே வைப்பது என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. பின்புறம் மாட்டினால் யாராவது வந்து இடித்தால் முதல் அடி கேனுக்கு. மேலே கேரியரில் வைத்தால் வெயில், அதோடு வளைவுகளில் பாரம் தெரிகிறது. நான் மேலேயே நிமிர்த்தி வைத்து, இரண்டு பட்டையால் இறுக்கிக் கட்டுகிறேன். மூன்றாவது வருஷம் குண்டுகுழிப் பாதைகளில் லேசாக வாடை வர ஆரம்பித்தது. கேனில் ஓட்டை என்று பயந்தேன். பார்த்தால் மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து கெட்டியாகியிருந்தது. அதை மாற்றியதோடு சரி. இப்போது ஒரு வாஷர் கூடுதலாக எப்போதும் கையிருப்பில் உண்டு.

முதல் தடவை ஊற்றிய கதையையும் சொல்லிவிடுகிறேன். டேங்க் வாய்க்குள் தடுப்பு மடல் இருப்பது எனக்குத் தெரியாது. என் புனலின் குழாய் குட்டையாக இருந்ததால் மடலைத் தள்ளித் திறக்கவில்லை, பாதி பெட்ரோல் என் ஷூவில். நீளக் குழாய் புனலை வீட்டிலேயே ஒரு தடவை டேங்க் வாயில் நுழைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டேங்க் வறளும்வரை காத்திருக்கவும் வேண்டாம். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். டீசல் வண்டியானால் குழாயில் காற்று புகுந்து, ஊற்றிய பிறகும் வண்டி கிளம்பாமல் அடம்பிடிக்கும்.

முதல் இரண்டு வருஷம் கேனைக் கிளம்பும்போதே நிரப்பிக்கொண்டிருந்தேன். இப்போது கணக்குப் போட்டுத்தான். என் டேங்க் 45 லிட்டர். நல்ல சாலையில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் வண்டி மணலிலும் ஏற்றத்திலும் 9 தான் தருகிறது. அதாவது 630 என்று நம்பியது 400ஆகச் சுருங்குகிறது. அடுத்த பங்க் 300 கிலோமீட்டருக்குள் இருந்தால் கேன் காலியாகவே வரும். அதற்கு மேல் என்றால் கடைசி பங்கில் நிரப்பி, அந்த நீளத்தைத் தாண்டியதும் டேங்கில் கவிழ்த்துவிடுவேன். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் கேனில் விட்டுவைப்பதில்லை. அப்புறம், எவ்வளவு கொண்டு போகலாம் என்ற விதி இடத்துக்கு இடம் மாறும், அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறேன்.

காலிக் கேன் என்பதால் டிக்கிக்குள் போடுவதும் இல்லை. உள்ளே ஆவி மிச்சம் இருக்கும், அது காற்றோடு கலந்தால் ஒரு பொறி போதும். மூடியை இறுக்கி, அதையும் மேலேதான் கட்டுகிறேன்.