சிவப்பு ஸ்டிக்கரும் மஞ்சள் ஸ்டிக்கரும்: வெள்ளவத்தையில் ஒரு டிவிடி கடை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தையற்கடைக்கு மேல்மாடியில் ஒரு டிவிடி வாடகைக் கடை இன்னும் நடக்கிறது. பெயரை எழுதவில்லை. கடைக்கார அண்ணை வேண்டாம் என்றார், வருகிற சனம் போதுமாம். தேடிப் போகிறவர்களுக்கு ஒழுங்கை முனையில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். படத்தைக் கையில் தருவதற்கு முன்னால் டிஸ்கை வெளியே எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார். கீறல் தெரிந்தால் பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைப்பார். வட்டமாகத் துடைக்கிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது, கண்ணுக்கு முன்னாலேயே ஏசிவிடுவார். கொப்பியில் பெயர், படம், திகதி எல்லாம் கையெழுத்தில். கணினி கிடையாது. ஆனாலும் எந்தப் படம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் கொப்பியைத் திறக்காமலே சொல்வார்.

ஆங்கிலப் படங்களை அவர் அடுக்கியிருக்கிற விதத்துக்காகத்தான் இந்த விமர்சனமே. எழுத்து வரிசையும் இல்லை, நடிகர் வரிசையும் இல்லை, ஆஸ்கார் வரிசை. சிறந்த படத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால் பெட்டியின் முதுகில் மஞ்சள் ஸ்டிக்கர், சிறந்த இயக்குநருக்கு என்றால் சிவப்பு. வென்றிருந்தால் ஸ்டிக்கருக்குள் பேனையால் ஒரு நட்சத்திரம். இறாக்கைக்கு முன்னால் நின்று ஒரு பார்வை பார்த்தாலே எந்த வருடம் என்ன நடந்தது என்று விளங்கும்.

நான் கணக்காய்வு வேலை பார்க்கிறவள். நிறத்தால் எதையாவது குறித்து வைத்தால் எனக்கு எண்ணாமல் இருக்க முடியாது. பெண்கள் இயக்கிய படங்களில் சிவப்பு எத்தனை என்று தேடினேன். எண்ண அதிக நேரம் எடுக்கவில்லை. 1929இல் தொடங்கி 2025 வரை 97 விழாக்கள் நடந்திருக்கின்றன. அவற்றில் இயக்குநர் பிரிவில் பெயர் வந்த பெண்கள் ஒன்பது பேர். 1977இல் இத்தாலியின் லினா வெர்ட்முல்லர்தான் முதல் ஆள். அடுத்த ஆளுக்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அது 'தி பியானோ' எடுத்த ஜேன் கேம்பியன். 2004இல் சோஃபியா கொப்போலா. 2010இல் 'தி ஹர்ட் லாக்கர்' படத்துக்காக கேத்ரின் பிகலோ, சிவப்புக்குள் நட்சத்திரம் விழுந்த முதல் பெண். அந்த வருடம் போட்டியில் இருந்த ஜேம்ஸ் கேமரன் அவருடைய முன்னாள் கணவர் என்பதைப் பற்றித்தான் சனம் அதிகம் கதைத்தது, அது வேறு கதை.

பிகலோ வென்றதோடு கதவு திறந்துவிட்டது என்று அப்போது நினைத்தவர்கள் 2011 முதல் 2017 வரையான பகுதியைப் போய்ப் பாருங்கள். ஏழு விழாக்கள், இயக்குநர் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. 2018இல் கிரெட்டா கெர்விக். 2021இல் எமரல்ட் ஃபென்னல், க்ளோயி ஜாவ் என்று ஒரே வருடத்தில் இரண்டு பேர், ஜாவுக்கு விருதும் கிடைத்தது. 2022இல் கேம்பியன் இரண்டாம் முறையாக வந்து வென்றார். 2024இல் ஜஸ்டின் ட்ரியே, 2025இல் கொராலி ஃபார்ஜா. 2025 வரை அவ்வளவுதான், பத்துப் பரிந்துரை, மூன்று விருது.

ஆனால் என்னை அந்த இறாக்கைக்கு முன்னால் அதிக நேரம் நிற்க வைத்தவை மஞ்சள் மட்டும் ஒட்டிய பெட்டிகள். 2022இல் சிறந்த படமாக வென்ற 'கோடா' அங்கே இருக்கிறது. சியன் ஹெடர் இயக்கியது. மஞ்சளுக்குள் நட்சத்திரம், பக்கத்தில் சிவப்பு ஒட்ட வேண்டிய இடம் வெறும் பிளாஸ்டிக். 'செல்மா', 'லிட்டில் விமன்', 'விமன் டாக்கிங்', 'பாஸ்ட் லைவ்ஸ்', 'பார்பி', எல்லாமே பெண்கள் இயக்கியவை, எல்லாம் மஞ்சள் மட்டும். படம் நல்லது, எடுத்த ஆள் பட்டியலில் இல்லை.

இதற்குக் காரணம் வாக்குப் போடுகிற முறையில் இருக்கிறது. சிறந்த படத்துக்கான பரிந்துரைகளை, ஆஸ்கார் கொடுக்கிற அகாடமியில் தொழில்வாரியாகப் பிரிந்திருக்கிற எல்லாக் கிளைகளும் சேர்ந்து தெரிவு செய்கின்றன. இயக்குநருக்கான ஐந்து பெயர்களை இயக்குநர் கிளை மட்டும் தெரிவு செய்கிறது. அந்தக் கிளையில் பெரும்பாலும் ஆண்கள்தான். தங்களுடைய தொழிலில் யார் பெரிய ஆள் என்று அவர்கள் மனதில் ஓர் உருவம் இருக்கும், அந்த உருவத்துக்குப் பெரும்பாலும் மீசை முளைத்திருக்கும்.

என் தம்பி உடனே வாதாட வந்தான். 2010இலிருந்து படத்துக்குப் பத்து வரை இடம், இயக்குநருக்கு ஐந்துதான், அப்படியென்றால் ஆண்களும் விழத்தானே வேண்டும் என்றான். சரி, நியாயம்தான். ஆனால் இரண்டுக்கும் ஐந்தைந்து இடம் இருந்த காலத்துப் படங்கள் கீழ்த் தட்டில் இருக்கின்றன. 1991 விழாவுக்குப் போன 'அவேக்கனிங்ஸ்', பென்னி மார்ஷல் இயக்கியது. அடுத்த வருடம் பார்பரா ஸ்ட்ரைசாண்டின் 'தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்'. இரண்டிலும் மஞ்சள் மட்டும்தான். தம்பி பேச்சை கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டான்.

இதை அண்ணையிடமும் கேட்டேன். "பிள்ளை, பேர் குடுக்கிறது அவை, நான் ஸ்டிக்கர் மட்டும்தான் ஒட்டுறன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "மஞ்சளைத் தனியாக ஆரும் எடுக்கிறேல்லை, சிவப்பு இருந்தால்தான் எடுக்கினம்" என்றும் சொன்னார். விருதுப் பட்டியலில் பெயர் வராமல் போவதால் என்ன நட்டம் என்று கேட்கிறவர்களை நான் இந்தக் கடைக்கு அனுப்பி வைப்பேன்.

தமிழ்ப் பக்கம் இன்னும் மோசம். அங்கே ஸ்டிக்கரே இல்லை, கதாநாயகன் பெயரில் அடுக்கு. சுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று' சூர்யா வரிசையில் இருக்கிறது. 2020க்கான இந்தியத் தேசிய விருதுகளில் சிறந்த படம் அதுதான். நடிகர், நடிகை, திரைக்கதை, பின்னணி இசை எல்லாம் அதற்குக் கிடைத்தன. சிறந்த இயக்குநர் விருது மட்டும் மலையாளத்தின் சச்சிக்குப் போனது. அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார், அவருடைய படமும் தகுதியான படம்தான், அதில் எனக்கு மனக்குறை இல்லை. இருந்தாலும் வெள்ளவத்தையில் மஞ்சளுக்குப் பக்கத்தில் பார்த்த அதே வெறும் இடம் ஞாபகத்துக்கு வந்தது. 1936இலேயே 'மிஸ் கமலா' இயக்கிய டி. பி. ராஜலட்சுமியின் மொழியில் பெண் இயக்குநர்களுக்கென்று ஒரு தட்டுக்கூட வைக்கவில்லையே என்று அண்ணையைச் சீண்டினேன். இடமில்லை என்றார். விஜய்க்கு மட்டும் இரண்டு தட்டு.

சிங்களப் படங்கள் கதவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலுமாரியில். கேட்டால்தான் திறப்பார், கட்டாயம் கேளுங்கள். 2023இல் காலமான சுமித்ரா பீரிஸ் 1978இல் எடுத்த 'கெஹெனு லமாய்' அங்கே கிடைத்தது. ஒளிப்பதிவு கொஞ்சம் மங்கல், இடையில் ஒரு பாட்டில் சத்தம் விட்டு விட்டு வருகிறது, ஆனாலும் வசந்தி சதுராணியின் முகத்துக்காகவே எடுக்கலாம்.

குறைகளும் உண்டு. பிறமொழிப் படங்களில் துணைத் தலைப்பு இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. ட்ரியேயின் 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' எடுத்துப் போனேன், பாதி பிரெஞ்சு, கீழே ஒரு வரிகூட இல்லை. திருப்பிக் கொடுத்தபோது காசை வாங்காமல் வேறு படம் தந்தார், அது அவருடைய பெருந்தன்மை. மின்விசிறி ஒன்றுதான், அதுவும் அவரைப் பார்த்தபடி. படிக்கட்டில் கைப்பிடி இல்லாததால் முழங்கால் நோ உள்ள அம்மாக்களைக் கூட்டிப் போக வேண்டாம்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சிவப்பு ஸ்டிக்கர் படங்கள் வார இறுதியில் கிடைக்காது, வியாழக்கிழமையே சொல்லி வையுங்கள். மஞ்சள் மட்டும் ஒட்டியவை எந்த நாளும் இருக்கும். ஒரு டிஸ்க் இரண்டு இரவுக்கு 150 ரூபாய், முதல் தடவை முற்பணம் கேட்பார், அடையாள அட்டையின் பிரதியும் கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பூட்டு.