கிட்டார் சிந்தசைசர் "முழு செட்" வாங்குகிறீர்களா? காசு கொடுக்கும் முன் ஆறு கம்பியையும் தனித்தனியாக அடித்துப் பாருங்கள்

வீட்டில் உட்கார்ந்தபடி கிட்டாரிலேயே வயலின், புல்லாங்குழல், ட்ரம்பெட், ஆர்கன் என்று எல்லாம் வாசிக்கலாம் என்ற ஆசையில் செகண்ட் ஹேண்ட் ரோலண்டு ஜிஆர்-55 என்ற கிட்டார் சிந்தசைசர் பெட்டி ஒன்றை வாங்கினேன். விற்றவர் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்பவர், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் சின்னக் கருவி) மாட்டிக் கொடுக்கும் வேலையும் செய்பவர். நன்றாக ஏமாற்றிவிட்டார். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அதனோடு சேர்த்து அவர் கொடுத்த கேபிளும், அவர் செய்த வேலையும், சொன்ன பேச்சும்தான் மோசடி. அவர் பெயரை இங்கே போடப் போவதில்லை. எப்படிச் செய்தார் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே வித்தையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், முதல்முறை வாங்குபவருக்கு அது கண்ணில் படவே படாது.

முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மோசடி எங்கே நடந்தது என்பதே புரியாது. சாதாரண கிட்டார் பிக்கப் ஆறு கம்பியின் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே கேபிளில் அனுப்பிவிடும். ஜிஆர்-55 மாதிரி கருவிகளுக்கு அது போதாது. எந்தக் கம்பியில் எந்த ஸ்வரம் அடிக்கிறோம் என்று தனித்தனியாகத் தெரிந்தால்தான் அந்த இடத்தில் வயலினையோ ட்ரம்பெட்டையோ பேசவைக்க முடியும். அதற்காகவே கம்பிக்கு ஒன்றாக ஆறு சின்ன பிக்கப் வரிசையாக இருக்கும் ஜிகே பிக்கப் என்று ஒன்று உண்டு, அதை பிரிட்ஜ், அதாவது கிட்டாரின் உடம்பில் கம்பிகள் தாங்கி நிற்கும் கட்டை, அதன் பக்கத்தில் பொருத்துவார்கள். அதிலிருந்து பெட்டிக்குப் போவது 13 முள் கேபிள். ஆறு முள்ளில் ஆறு கம்பி, ஏழாவது முள்ளில் கிட்டாரின் வழக்கமான சத்தம், மற்றவற்றில் வால்யூம், சுவிட்ச், பிக்கப்புக்கு வேண்டிய மின்சாரம் என்று போகும். ஆக பெட்டி, பிக்கப், கேபிள் மூன்றும் ஒழுங்காக இருந்தால்தான் இது ஒரு கருவி. ஒன்று சொதப்பினாலும் மற்ற இரண்டும் சும்மாதான் கிடக்கும்.

சரி, கதைக்கு வருகிறேன். விளம்பரத்தில் ஒரு வீடியோ. ஒருவர் கிட்டார் வாசிக்கிறார், வயலின் கேட்கிறது, அடுத்து புல்லாங்குழல், அடுத்து பெரிய ஆர்கன். "எந்த கிட்டாரிலும் மாட்டலாம், சொருகினால் வாசிக்கலாம்" என்று கீழே எழுதியிருந்தது. கேட்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. அந்த வீடியோ பொய் என்பது கருவி வீட்டுக்கு வந்து கொஞ்சம் பழகிய பிறகு மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆனால் தெரிந்துகொண்டால் யாரும் நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். வாசிப்பவர் கம்பியை இழுத்து வளைக்கிறார், வயலினின் ஸ்வரம் வளையவே இல்லை, அப்படியே நேராக நிற்கிறது. ஆறு கம்பியையும் மேலிருந்து கீழே வருடுகிறார், அப்போது ஒவ்வொரு கம்பியும் நூலிழை வித்தியாசத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே ஒலிக்க வேண்டும், ஆர்கனோ ஒரே அடியில் மொத்தமாக விழுகிறது. யாரோ கீபோர்டில் வாசித்ததை மேலே ஒட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கிட்டாரிலிருந்து பெட்டிக்குப் போவது சாதாரண ஒற்றை ஜாக் கேபிள். ஜிஆர்-55இல் அந்த கேபிளைச் சொருகி கிட்டாரைச் சேர்க்க வழியே கிடையாது, உள்ளே போவது 13 முள் கேபிள் மட்டும்தான். இந்த ஒன்றைப் பார்த்தாலே போதும்.

நேரில் போனபோது விளம்பரத்தில் சொன்ன "முழு செட்" என்பதில் பிக்கப் இல்லை என்றார். அது தனிக் காசு, மாட்டுக்கூலி தனிக் காசு. இதையாவது பேரம் என்று விடலாம், விளம்பரத்தில் மறைத்தது தப்பு என்றாலும். என் கிட்டாரை வாங்கி வைத்துக்கொண்டு, மாட்டி முடித்ததும் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கிட்டாரின் உடம்பில் திருகாணி அடித்திருக்கிறார். ஜிகே-3 பிக்கப்பை இருபக்க டேப்பாலும் ஒட்டலாம், நிரந்தரமாக வேண்டுமென்றால்தான் திருகாணி. கேட்காமல் ஓட்டை போட அவருக்கு யார் உரிமை கொடுத்தது? கேட்டதற்கு "அப்படித்தான் சார் ஸ்ட்ராங்கா நிக்கும்" என்று பதில்.

அங்கேயே சோதித்துப் பார்க்கச் சொன்னேன். அவரே எடுத்து வாசித்தார். இங்கேதான் அந்தத் தந்திரம், இதை நிதானமாகப் படியுங்கள். ஜிகே பிக்கப்பில் மூன்று நிலை கொண்ட சுவிட்ச் ஒன்று இருக்கும்: ஒரு முனையில் கிட்டார் சத்தம் மட்டும், மறுமுனையில் சிந்தசைசர் மட்டும், நடுவில் இரண்டும் கலந்து. அவர் நடுவில் வைத்து எல்லாக் கம்பியையும் சேர்த்துப் பல ஸ்வரம் ஒன்றாக ஒலிக்கும் பெரிய பெரிய கார்டுகளாக அடித்தார். வயலின் கூட்டம் மாதிரி ஸ்ட்ரிங்ஸ் சத்தம் குழைந்துகொண்டு வந்தது, அடியில் கிட்டார் கனமாகக் கேட்டது, கடை முழுக்க நிறைந்த சத்தம். தடித்த கம்பிகளில் சிந்தசைசர் சத்தம் வருகிறதா இல்லையா என்று அந்தக் கலவையில் எந்தக் காதுக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த இடத்தை கிட்டாரின் சொந்த சத்தம் நிரப்பிவிடுகிறது. அவர் ஒரு தடவைகூட ஒற்றைக் கம்பியைத் தனியாக அடிக்கவில்லை. சுவிட்சை சிந்தசைசர் பக்கம் தள்ளவும் இல்லை. நான் கையை நீட்டியபோது "ட்யூனிங் கலைஞ்சிடும்" என்று பையில் போட்டு மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சுவிட்சைத் தள்ளி, ஹெட்போன் போட்டு வாசித்தால் தடித்த கம்பிகளான ஐந்தாவது, ஆறாவது இரண்டும் ஊமை. சுத்தமாக ஒன்றுமே இல்லை. மற்ற நான்கில் இரண்டாவது கம்பி அடித்தால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து கத்துகிறது, புல்லாங்குழலில் ஒரு ஸ்வரம் வாசித்தால் இரண்டு கேட்கிறது.

போன் செய்தேன். அவர் சொன்ன பதில்தான் எனக்கு இன்றும் ஆறாதது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. "தடிச்ச கம்பி லேட்டாத்தான் சார் வரும், இந்த மாதிரி மெஷின் எல்லாத்துலயும் அப்படித்தான், உங்க கை இன்னும் பழகணும்." தடித்த கம்பி தாமதமாக வரும் என்பது நிஜம். ஆறாவது கம்பியைச் சும்மா அடித்தால் நொடிக்கு சுமார் 82 அதிர்வு, அதாவது ஓர் அதிர்வு முடியவே ஏறக்குறைய 12 மில்லிசெகண்ட் ஆகும். எந்த ஸ்வரம் என்று கருவி கண்டுபிடிக்க குறைந்தது அந்த அளவாவது காத்திருந்துதான் ஆக வேண்டும். முதல் கம்பியில் நொடிக்கு சுமார் 330 அதிர்வு, அங்கே ஓர் அதிர்வுக்கு 3 மில்லிசெகண்ட்தான். அதனால் கிட்டார் சிந்தசைசரில் கீழ் ஸ்வரங்கள் கொஞ்சம் பின்தங்குவது இயல்பு, வேகமாக பேஸ் வாசிக்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும். ஆனால் தாமதமாக வருவது வேறு, வராமலே போவது வேறு. பாதி தெரிந்த வாடிக்கையாளரிடம் இந்த உண்மையை வைத்தே வாயை அடைக்கப் பார்த்தார்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க பெட்டியிலேயே வழி இருக்கிறது. ஜிகே அமைப்புகளுக்குள் போனால் ஒவ்வொரு கம்பிக்கும் எவ்வளவு சிக்னல் வருகிறது என்று காட்டும் மீட்டர் உண்டு. முதல் கம்பியை அடித்தேன், ஆடியது. ஆறாவதை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒரு கோடுகூட அசையவில்லை. வெறும் தாமதம் என்றால் மீட்டர் ஆட வேண்டுமே. சிக்னல் பெட்டிக்கே வரவில்லை என்று அர்த்தம்.

அடுத்து கேபிள். "புது கேபிள்" என்று தனியாகக் காசு வாங்கியது அது. ஒரு முனையின் மூடியைக் கழற்றினேன், எல்லாம் சரியாக இருந்தது. மறுமுனையைக் கழற்றியபோது விஷயம் தெரிந்தது. கம்பெனியில் பற்ற வைத்த ஈயம் சின்னதாக, பளபளவென்று ஒரே அளவில் இருக்கும். இங்கே குண்டு குண்டாக, மங்கலாக, சுற்றி பிசுக்கோடு கையால் பற்ற வைத்திருக்கிறார்கள். மயிரிழை மாதிரி இரண்டு ஒயர்கள் எந்த முள்ளிலும் சேராமல், நுனி மழுங்க வெட்டி, உள்பக்கமாக மடித்து டேப் சுற்றியிருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஐந்தாவது முள்ளும் ஆறாவது முள்ளும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தொடர்பே இல்லை, மற்றதெல்லாம் பீப் என்கிறது. தானாக அறுந்ததென்றால் டேப் சுற்றி மடித்திருக்காது. பழுதான கேபிளை அரைகுறையாக ஒட்டுப்போட்டு, இரண்டு கம்பி வேலை செய்யாது என்று தெரிந்தே புதுசு என்று விற்றிருக்கிறார். கலவை நிலையில் வைத்து கார்டு மட்டும் அடித்ததற்கும் இதுதான் காரணம்.

பிக்கப் கதை இன்னொன்று. ஜிகே பிக்கப் பிரிட்ஜுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. அவர் மாட்டியது கிட்டாரின் பிரிட்ஜ் பிக்கப்பைத் தாண்டி, கழுத்துப் பக்கமாக. அங்கே கம்பி அகலமாக ஆடும், ஒரு கம்பியின் ஆட்டம் பக்கத்துச் சின்ன பிக்கப்பிலும் விழும், ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு கேட்டது அதனால்தான். போதாததற்கு உயரம். கழுத்தில் உள்ள குறுக்குக் கட்டங்களில் (ஃப்ரெட்) கடைசியை அழுத்திப் பிடித்தால் கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இதில் ஒரு பக்கம் கம்பி உரசுகிறது, மறுபக்கம் பாதாளம் மாதிரி கிடக்கிறது. பெட்டிக்குள் கிட்டாரின் கம்பி நீளம், பிரிட்ஜிலிருந்து பிக்கப் உள்ள தூரம், கம்பிக்குக் கம்பி உணர்திறன் எல்லாவற்றையும் குறித்துக் கொடுக்க வேண்டும், அதில் எதையுமே தொடவில்லை. மாட்டுக்கூலி வாங்கியது எதற்கு என்றே தெரியவில்லை.

கேபிளைக் கழற்றிய படத்தோடு திரும்பப் போனேன். "நீங்கதான் கழற்றி அறுத்துட்டீங்க" என்றார். இந்தப் பதில் எனக்கு எதிர்பாராததுதான், ஆனால் உங்களுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை: எதையும் திருகாணி கழற்றும் முன், கழற்றாத நிலையிலேயே இரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்து வீடியோ எடுத்துவிடுங்கள். பணம் திரும்பவில்லை. மாற்றுக் கேபிளும் தரவில்லை. கடைசியில் கையெழுத்திட்ட ரசீதைக் காட்டி "பார்த்துச் சோதித்து வாங்கினீர்கள் என்று எழுதியிருக்கிறது" என்றார். உண்மையில் அந்த வரி அதில் இருந்தது, பொடி எழுத்தில்.

அப்புறம் வேறு இடத்தில் நல்ல 13 முள் கேபிள் வாங்கினேன், பிக்கப்பை நானே கழற்றி பிரிட்ஜுக்கும் பிரிட்ஜ் பிக்கப்புக்கும் நடுவில் டேப்பால் ஒட்டி, உயரம் சரிசெய்து, அமைப்புகளை ஒவ்வொன்றாகக் குறித்தேன். இப்போது ஆறு கம்பியும் பேசுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பலபேர் இப்படி ஏமாந்த பிறகு "கிட்டார் சிந்தசைசரே வேஸ்ட்" என்று பெட்டியை மூலையில் போட்டுவிடுகிறார்கள். அது அநியாயம். வயலின் வாசிக்கும்போது வில்லை இழுப்பது மாதிரி மெதுவாக, கம்பி உரசும் சத்தம் இல்லாமல் சுத்தமாக அடித்தால் உடம்பு சிலிர்க்கும். அந்த அனுபவத்தை ஒருவருடைய பேராசை கெடுத்துவிடக் கூடாது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே செய்ய வேண்டியது அதிகமில்லை. உங்கள் கையாலேயே சுவிட்சை சிந்தசைசர் பக்கம் தள்ளுங்கள், ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொன்றிலும் மேலே கீழே சில ஃப்ரெட் அடியுங்கள், ஒரு கம்பியை வளைத்துப் பாருங்கள், மீட்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தொட விடாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். உங்கள் கிட்டாரில் நைலான் கம்பி என்றால் காந்த வகை ஜிகே பிக்கப் வேலையே செய்யாது, அதற்கு காந்தம் இல்லாமல் அதிர்வின் அழுத்தத்தை உணரும் பீஸோ வகை வேண்டும், "எந்த கிட்டாரிலும்" என்ற வார்த்தை அங்கேயே பொய்யாகிவிடுகிறது. 1980இல் வந்த ஜிஆர்-300 மாதிரி பழைய ரோலண்டு கருவிகள் 24 முள் கேபிள் உள்ளவை, அவற்றோடு 13 முள் பிக்கப்பைச் சேர்த்து "செட்" என்று விற்றால் நேரடியாகச் சேராது.

வீட்டில் சும்மா விதவிதமான சத்தம் வேண்டும், ஓட்டை போடவும் தனி பிக்கப் வாங்கவும் மனமில்லை என்றால் சாதாரண கேபிளிலேயே வேலை செய்யும் வழிகள் இருக்கின்றன. பாஸ் (Boss) நிறுவனத்தின் எஸ்ஒய்-1, எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் சிந்த்9, மெல்9 போன்ற பெடல்களுக்கு ஜிகே பிக்கப் தேவையில்லை. கம்ப்யூட்டர் இருந்தால் ஜாம் ஒரிஜினின் மிடி கிட்டார் என்ற மென்பொருள் கிட்டாரின் சாதாரண சிக்னலையே மிடியாக (எந்த ஸ்வரம் என்று கருவிகளுக்குச் சொல்லும் டிஜிட்டல் குறிப்பாக) மாற்றும். அதுவும் பிழையில்லாதது அல்ல, கார்டு அடிக்கும்போது தடுமாறும், ஆனால் முதலில் இதைப் பழகிப் பார்த்துவிட்டு 13 முள்ளுக்குப் போவது பணத்துக்கும் மனசுக்கும் நல்லது.

இன்னொரு விஷயம், இது புதிது என்பதால் சொல்கிறேன். 2023இல் வந்த பாஸ் ஜிஎம்-800 கருவி 13 முள் கிடையாது, சீரியல் ஜிகே என்ற வேறு இணைப்பு, அதற்கென்று ஜிகே-5 பிக்கப் இருக்கிறது. பழைய 13 முள் பிக்கப்பை அதில் சேர்க்க ஜிகேசி-ஏடி என்ற மாற்றி தனியாக வேண்டும். என்னிடம் விற்ற அதே ஆள், என் நண்பர் ஒருவரிடம் "பழைய பிக்கப்பே போதும், நேரா சொருகலாம்" என்று சொல்லி இப்போது அதற்கு முன்பணம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நண்பர் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.