அதட்டி வளக்கறதா, கூடவே இருந்து வளக்கறதா?

பசங்கள வளக்க ரெண்டு வழின்னு இத்தாலி பாதிரியார் டான் போஸ்கோ 1877லயே எழுதிட்டாரு. ஒண்ணு அடக்குமுறை, ரூல சொல்லிட்டு தள்ளி நின்னு பாத்து, தப்பு பண்ணா தண்டனை. ஈஸிதான், பட்டாளத்துக்கு சரிப்படும்னு அவரே ஒத்துக்கறாரு, ஆனா பசங்க மனசுல அந்த கசப்பு பெரியவனானாலும் போகாதுங்கறாரு.

இன்னொண்ணு தடுப்பு முறை, வாத்தியாரே மைதானத்துல எறங்கி பசங்களோட வெளையாடி, தப்பு நடக்கறதுக்கு முன்னாடியே பாசமா காதுல ஒரு வார்த்தை சொல்லி, ராத்திரி தூங்கறதுக்கு முன்ன ரெண்டு வார்த்தை பேசி அனுப்பறது. செம உழைப்பு, ஆனா என் ஓட்டு இதுக்குத்தான்.

இத்தாலில டூரின் நகரத்துல மிக்கேல் ரூவான்னு ஒரு சின்னப்பையன் கைய நீட்டினப்ப, போஸ்கோ தன் கைய பாதியா வெட்டிக் குடுக்கற மாதிரி சைகை காட்டினாராம், எல்லாத்துலயும் நாம பாதிப்பாதின்னு. அந்தப் பையன்தான் 1888ல அவருக்கப்புறம், அவர் ஆரம்பிச்ச சலேசிய துறவற சபைய ஏத்து 1910 வரைக்கும் நடத்தினாரு.