டெக்ஸஸ் 1914 கப்பல் கிட்: பெரிய பீரங்கி பிரமாதம், சின்னது சொதப்பல்

அருவங்காட்டுல வீடு, அப்பா கார்டைட் (பீரங்கிக் குண்ட வெளிய தள்ளற வெடிமருந்து) ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு, அதனால பீரங்கி மேல எனக்கு சின்ன வயசுலேர்ந்தே ஒரு கிறுக்கு. போன மாசம் யூஎஸ்எஸ் டெக்ஸஸ்ங்கற அமெரிக்கப் போர்க்கப்பலோட 1/350 கிட் (நிஜ அளவுல 350-ல ஒரு பங்கு, நாமளே ஒட்டிச் செய்யற பொம்மைக் கப்பல்) ஆன்லைன்ல எடுத்தேன், 1914-ல கப்பல் சர்வீசுக்கு வந்தப்போ இருந்த ஷேப், கூடை பின்னின மாதிரி மாஸ்ட்டோட (உயரமான கம்பம்). கூரியர்காரங்க மேட்டுப்பாளையத்துலயே நாலு நாள் வச்சுக்கிட்டு "மேல வண்டி வரல சார், நீங்களே வந்து எடுத்துக்கங்க"ன்னாங்க, அது தனிக்கதை.

மெயின் பீரங்கி பத்தும் சூப்பர். 14 இஞ்ச், ரெட்டை ரெட்டையா அஞ்சு டரட் (பீரங்கிய வச்சுத் திருப்பற கவசக் கூண்டு), முன்னாடி ரெண்டு நடுவுல ஒண்ணு பின்னாடி ரெண்டு. நிஜ பீரங்கி வாய் 356 மில்லிமீட்டர், 350-ஆல வகுத்தா ஒரு மில்லி சொச்சம்தான் வருது, சந்தேகத்துல ஒரு மில்லி ட்ரில் பிட்டை விட்டுப் பாத்தேன், கச்சிதமா உள்ள போச்சு!

ஆனா குழாயத் தூக்கினா ஆகாசத்தப் பாக்குது. நிஜத்துல அது 15 டிகிரிக்கு மேல ஏறாது. 1944-ல, ரெண்டாம் உலகப் போர்ல, பிரான்ஸோட நார்மண்டி கரையில குண்டு இன்னும் தூரம் போகணும்னு கப்பலோட ஒரு பக்கம் தண்ணி ஏத்தி கப்பலையே சாய்ச்சு சுட்டாங்க, அவ்ளோ கட்டுப்பாடு. பொண்ணோட ஜாமெட்ரி பாக்ஸ்லேர்ந்து கோணமானிய எடுத்து 15 டிகிரி வச்சு ஒட்டிட்டேன்.

சொதப்பினது 5 இஞ்ச் பீரங்கிலதான். மொத்தம் 21, பாடியோட பக்கவாட்டு ஜன்னல்லேர்ந்து எட்டிப் பாக்கும் (அசல்லயே ரொம்ப தாழ வச்சுட்டாங்க, கடல் கொந்தளிச்சா உள்ள தண்ணிதான்). கிட்ல வெறும் ஈர்க்குச்சி மாதிரி இருக்கு, வாய்ல ஓட்டையே இல்ல, நானே போடலாம்னு 0.3 பிட் வாங்கி ரெண்டு பிட் உடைஞ்சதுதான் மிச்சம்.

அப்பா எட்டிப் பாத்துட்டு, "இதுக்கு நம்ம கார்டைட் இல்லடா, அமெரிக்காக்காரன் நைட்ரோகிளிசரின் கலக்காம வெறும் நைட்ரோசெல்லுலோஸ் பவுடரத்தான் பட்டுப் பையில கட்டிப் போட்டான்"னு அரைமணி நேரம் கிளாஸ் எடுத்தாரு.

பெரிய பீரங்கிக்காகவே தாராளமா வாங்கலாம். ஊட்டி குன்னூர் பக்கம் இருக்கறவங்க மட்டும் மழை மாசத்துல ஆரம்பிக்காதீங்க, மூடுபனில என்னோட கிரே பெயின்ட் மூணு நாளாகியும் விரல்ல ஒட்டுது.